ஷீபாவுக்கு ஒன்பது அடி

செவ்வாய்க்கிழமை காலை குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்த என் மனைவி தங்கம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம ஷீபா போயிட்டாளாம். நெஞ்சுவலியாக்கும்." என்னை எழுப்பி நிற்கவைத்த பிசியோதெரபிஸ்ட் அவள். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

பலா மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் நான் கிடந்த கதை பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை தெரியாதவர் இல்லை. எழுபது அடி உயரம் என்று ஷீபாவிடமும் சொன்னேன். அவள் டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட நாப்பதுண்ணுல்லா சொன்னீங்க மாமா? அதுக்குள்ள மரம் வளந்துட்டோ?"

அவளுடைய அறையில் ஒரு ரோபோ உண்டு. நம்மைப் பட்டையில் கட்டித் தூக்கி, கால்களைப் பிடித்து நடத்தும். கூடவே தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டிய வில்லைகள் வழியாகச் சின்னதாய் மின்சாரம் பாயும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே புரியும்படி சொன்னாள்: "மெஷின் காலைத் தூக்கும். கரண்டு தசையை இறுக்கும். காலை ஊணித் தள்ளுறது நீங்க. மூணும் ஒண்ணாச் சேரணும்." எதிரே திரையில் ஒரு பச்சைக் கோடு. நான் தள்ளினால் ஏறும். சும்மா இருந்தால் இறங்கும்.

ஒருநாள் சபையிலிருந்து போதகரும் இருபது பேரும், சரி, நான்கு பேரும், பார்க்க வந்தார்கள். ராஜா மாதிரிக் கையசைத்தபடி நடந்தேன். கைதட்டினார்கள். அவர்கள் போனதும் ஷீபா திரையைக் காட்டினாள். கோடு அடியில் கிடந்தது.

"இன்னைக்கு நடந்தது மெஷினாக்கும். நீங்க சவாரி போனீங்க."

"எல்லாரும் பாத்தாங்களே, மக்கா!"

"வீட்டுல மெஷின் உண்டா மாமா? எனக்கிட்ட பொய் சொல்லுங்க, சிரிப்பேன். அந்தக் கோட்டுகிட்ட சொல்லாதீங்க."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கட்டிலோடு போய்விடுவேனோ என்று மூன்றாம் நாள் பயம் பிடித்தது. வாயை மூடிக்கொண்டு தள்ளினேன். கோடு ஏறியது. ஷீபா கைதட்டவில்லை. "இது உங்களுக்க நடை" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வாக்கர் தந்தாள். என் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி அவள் பின்னால் வராமல் ஓரடிகூட நான் வைத்ததில்லை. ஐந்தடிக்கு மேல் போனதும் இல்லை.

அடக்கத்தன்று அவள் வீட்டு வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி, வாக்கரைக் கையில் வாங்கினேன். மெஷின் இல்லை, கரண்டு இல்லை, பின்னால் ஷீபாவும் இல்லை. பெட்டி வரைக்கும் போனேன். தங்கம் பத்தடி என்கிறாள். கடைசி அடியில் அவள் தோளில் சாய்ந்துவிட்டேன். ஷீபா இருந்தால் அந்த அடியை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மரத்தின் உயரத்தை இனியும் கூட்டித்தான் சொல்வேன். ஆனால் நான் நடந்தது ஒன்பது அடி. ஷீபா எனக்கு வைத்துவிட்டுப் போன உண்மை இது ஒன்றுதான். பத்தாவதை நடந்த பிறகு சொல்கிறேன்.