ஸ்டீயரிங் பிடித்த அம்மணிகள்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வேலை என்பது, ஸ்டீயரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நம் உயிரை நம் காலடியில் இருக்கும் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. புதிதாகக் கார் ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை வெறுங்காலால் அழுத்திப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும். அந்த மாஸ்டர் ஒரு பெண்ணாகவும், ஊர் கோயமுத்தூராகவும், காலம் தொண்ணூறுகளின் நடுவாகவும் இருந்துவிட்டால் பாடு இன்னும் கொஞ்சம் கூடுதல்.

காந்திபுரத்தில் ரங்கசாமி அண்ணன் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் நான் முதலில் சேர்ந்தது டெலிபோன் எடுக்க. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள், கார் லைசென்ஸும் வைத்திருந்தவள். ஆனாலும் எனக்கு டெலிபோன்தான். போனில் பெண்கள் கூப்பிட்டு, "லேடி மாஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போய், ஒருநாள் அண்ணனிடம், "நான் இருக்கேனுங்களேண்ணா" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு பல நாள் யோசித்தார். கடைசியில், "செஞ்சு பாருங்க சுசீலா. ஒருத்தராச்சும் குறை சொன்னாங்கன்னா மறுபடியும் போன்தான், பாத்துக்கங்க" என்றார்.

மாஸ்டர் எங்கே?

முதல் நாள் எனக்குக் கொடுத்த ஆள் அன்னூர்ப் பக்கம் சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த விவசாயி. ஐம்பது வயதிருக்கும். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். என்னையும் கற்றுக்கொள்ள வந்தவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "மாஸ்டர் வரட்டுமுங்க, போலாம்" என்றார். "நான்தானுங்க மாஸ்டர்" என்றேன். வேடிக்கை என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் சிரிப்பும் நின்றது.

கதவைத் திறந்து இறங்கினார். மரியாதையான மனுஷன், கதவைச் சத்தம் வராமல்தான் சாத்தினார். ஆபீஸ் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ சொல்கிறார், அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டே தலையாட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் சீனியர் மாஸ்டர் மாணிக்கம் வந்து என் பக்கக் கதவைத் திறந்து, "எறங்கும்மா" என்றார். எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, நான் இறங்கி நடந்து போய் டெலிபோன் முன்னால் உட்கார்ந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். அன்றைய பாடம் முடிந்து வந்த தோட்டக்காரர் நேராக என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கோவிச்சுக்காத கண்ணு. உன்னைய நம்பாம இல்ல. பொம்பளகிட்டக் கத்துக்கிட்டான்னு நாலு பேரு பேசுவாங்க, அதுதான்."

பின் சீட்டுக்காரர்

அதற்கப்புறம் எனக்குப் பெண்களை மட்டும் கொடுத்தார்கள். அதில் ஒருவர் தேவகி. வீட்டுக்காரர் கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தார். மனைவி கார் கற்றுக்கொள்ளட்டும் என்று கூட்டிவந்தவரே அவர்தான், நல்ல விஷயம். ஆனால் தினமும் பின் சீட்டில் ஏறிக்கொள்வார். நான் "கிளட்ச்" என்பதற்குள் அவர் "கியர்" என்பார். நான் "மெதுவா" என்றால் அவர் "உடு, உடு" என்பார். தேவகி என் முகத்தைப் பார்ப்பார், கண்ணாடியில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார், ரோட்டை மட்டும் பார்க்கமாட்டார்.

ஒருநாள் காலை சிங்காநல்லூர் அருகே வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே டவுன் பஸ் வருகிறது. "நில்லுங்க, பஸ் போகட்டும்" என்றேன். "போயிரலாம், திருப்பு!" என்று பின்னாலிருந்து சத்தம். தேவகி பாதி திருப்பினார், பிறகு பயந்துபோய் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். நான் பிரேக்கை மிதித்த மிதியில் என் முழங்கால் முன்னால் போய் இடித்தது. கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. என் ஜன்னலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பஸ்ஸின் மூக்கு. பஸ் டிரைவர் எங்கள் மூன்று பேர் பரம்பரையையும் திட்டினார். பின் சீட்டுக்காரர் மனைவியை, "எருமை! சொன்னாக் காது கேக்குதா இல்லையா?" என்றார். அப்படியே என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லிக்குடுக்கற நீ? உங்க முதலாளிகிட்டப் பேசிக்கறேன்" என்றார்.

அண்ணன் சொன்ன "ஒருத்தராச்சும்" வந்துவிட்டார், மறுபடியும் டெலிபோன்தான் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் ஹாரன்மேல் ஹாரன். தேவகியின் கழுத்தெல்லாம் வியர்வை. ஆனால் காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் திரும்பினார். அப்படி ஒரு பணிவான குரலில் வீட்டுக்காரரை நடுரோட்டில் இறக்கிவிட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை:

"ஏனுங்க, நீங்க எறங்கிக்கங்க. ரெண்டு பேரு சொன்னா எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுங்க."

பிடிக்காத பிரேக்

தேவகியின் வீட்டுக்காரர் புகார் சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. ஸ்கூலில் இருந்ததிலேயே பழைய கார் ஒன்று உண்டு, வெள்ளைக் கார். அதில் மாஸ்டர் பக்கத்து பிரேக் சில சமயம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது. நல்ல காரெல்லாம் ஆண் மாஸ்டர்களுக்குப் போனதால் அது எனக்கென்றே ஆகிவிட்டது. ரிப்பேர் பண்ணச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். "மாணிக்கமெல்லாம் அதுலதான் இத்தன நாளா ஓட்டுனாரு, ஒண்ணும் சொல்லலியே?" என்றார். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கக் கூடாதே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். இறக்கம். முன்னால் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று வேகம் குறைந்து நிற்கிறது. "பிரேக்" என்றேன். அவள் பதறிப்போய் மிதித்தது ஆக்சிலரேட்டரை. நான் என் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போனது, கார் நிற்கவில்லை. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைகளும் அதில் கட்டியிருந்த சிவப்புத் துணியும் கண்ணாடிக்கு நேராக வருகின்றன. ஸ்டீயரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்து, இன்னொரு கையால் கை பிரேக்கைத் தூக்கினேன். வீடு கட்டுவதற்காக ரோட்டோரம் கொட்டியிருந்த மணல்மேட்டில் கார் ஏறி நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "அக்கா, அப்பாகிட்டச் சொல்லீறாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபீசுக்குத் திரும்பி, சாவியை அண்ணன் மேஜைமேல் வைத்தேன். "பிரேக்கைச் சரி பண்ணுற வரைக்கும் இந்தக் காரை எடுக்க மாட்டேனுங்கண்ணா. போன்லயும் உட்கார மாட்டேன். நான் மாஸ்டர்" என்றேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மத்தவங்களுக்கெல்லாம் ஆகுது, உங்களுக்கு மட்டும் ஆகாதுங்களா? இதுக்குத்தான் பொம்பளைங்களை..." என்று ஆரம்பித்தார். அவரை முடிக்க விடாமல், வாசலில் நின்ற மாணிக்கம் உள்ளே வந்தார். என்னைக் காரிலிருந்து இறங்கச் சொன்ன அதே மாணிக்கம். நான் அண்ணனுடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்:

"அந்தப் பிரேக்கு எனக்கும் பிடிக்கலீங்கண்ணா. பயந்தவன்னு சொல்லிப்போடுவீங்களோன்னுதான் இத்தன நாளாச் சொல்லல."

மேட்டில் நின்ற கார்

அந்த பிரேக்கை அண்ணன் சரிபண்ணிக் கொடுத்த பிறகு வந்தவர் ஜோதி, போத்தனூர்க்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் பெண். முதலில் கார் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, பிறகு வேனுக்குப் போவதாகத் திட்டம். ஆனால் யார் ஹாரன் அடித்தாலும் உடனே காரை ஓரம் கட்டி, "மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிடுவார். லாரிக்காரர் அடித்தாலும் சொல்வார், ஐஸ் வண்டிக்காரர் அடித்தாலும் சொல்வார். "யாருங்க உங்களை மன்னிப்புக் கேக்கச் சொன்னது?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "மன்னிச்சிருங்க" என்றார்.

லைசென்ஸ் டெஸ்ட் அன்று, மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நான் இறங்கி ஓரமாக நின்றேன். கார் நின்றது, எடுக்கும்போது அணைந்து கொஞ்சம் பின்னால் உருண்டது. வரிசையில் நின்ற ஆண்கள் மொத்தமாகச் சிரித்தார்கள். "அம்மணி, ஊட்டுல அடுப்பு அணையப்போவுது!" என்று ஒரு குரல். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். இதோ ஜோதி அழப்போகிறார், மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று என் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. ஜோதி கை பிரேக்கைப் போட்டார். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினார். முகம் வெளிறித்தான் இருந்தது. வரிசையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கார் அடுத்த நிமிஷம் மேட்டில் ஏறிப்போனது என்பதையும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்காமல் இருப்பது அவர் பேச்சுத்தான்:

"சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா சொல்லுங்க, நான் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணோணும்."

சாவி யாரிடம்?

மரகதம் காரமடைப் பக்கம் பாக்குத் தோட்டத்து வீட்டு மருமகள். வீட்டுக்காரர் வியாபாரமாக வெளியூரிலேயே இருப்பார். வீட்டில் கார் நின்றது, டிரைவர் வந்தால்தான் நகரும். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்து கற்றுக்கொண்டார். வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சேதி எப்படியோ மாமனார் காதுக்குப் போய், ஒருநாள் மத்தியானம் இரண்டு பங்காளிகளோடு ஸ்கூலுக்குள் வந்து நின்றார்.

"எங்க ஊட்டு மருமவளுக்குக் கார் சொல்லிக்குடுத்தது யாரு?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. "நானுங்க" என்று எழுந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "தையல் கிளாசுன்னு பொய் சொல்லி வந்த புள்ளய நீங்க சேத்தியிருக்கீங்க. இந்தப் பொம்பளய இன்னைக்கே நிறுத்திப்போடுங்க. இல்லீன்னா எங்க பக்கத்துல இருந்து ஒரு ஆளு உங்க ஸ்கூலுக்கு வரமாட்டான்." பங்காளிகளில் ஒருவர் போய்க் கதவடியில் நின்றுகொண்டார். முதல் நாள் நான் கண்ணாடி வழியே பார்த்த அண்ணன் எனக்கு ஞாபகம் இருந்தார். இன்றும் கழுத்தைச் சொறிந்தார். மீசையைத் தடவினார். பிறகு, "ஏனுங்க, பெரியவங்க சொல்றீங்க. ஆனா அவங்க எங்க மாஸ்டருங்க. அவங்களை நிறுத்தறதுக்கில்லைங்க" என்றார். அண்ணனுக்கு ஞானம் வந்துவிட்டது என்று நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அப்போது எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். எதனால் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம், சொன்னது எனக்குப் போதும்.

மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், கேட்டது நடக்காமல் போகமாட்டார் போல. மாணிக்கம் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த நேரம் வாசலில் ஒரு கார் வந்து, தயங்கி, முன்னே பின்னே எடுத்து, ஒழுங்காக ஓரத்தில் நின்றது. இறங்கியது மரகதம். மாமனார் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்ததும் வீட்டுக் காரை ஷெட்டிலிருந்து எடுத்துத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உதடு காய்ந்திருந்தது. "மாமா, பொய் சொன்னது நானு. அவங்களைச் சொல்லாதீங்க. கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க, அதனால கேக்கல. இப்பக் கேக்கறேன்" என்றார். சாவியை நீட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

பெரியவர் வாசலுக்கு வந்தார், காரைச் சுற்றிப் பார்த்தார். எங்காவது இடித்திருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார். இடிக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குத் தோன்றியது. கையைப் பிசைந்தார், ரோட்டைப் பார்த்தார், பங்காளிகளைப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பங்காளிகளும் ஏறினார்கள். மரகதம் கண்ணாடியைச் சரிபண்ணி, இரண்டு பக்கமும் பார்த்து, கியரைப் போட்டார். கார் நகரும்போது பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது, கோபம் இன்னும் போகாத குரல்தான்:

"மெதுவாப் போ. சந்தை நாளு, ரோட்டுல ஆடு மாடு நிக்கும்."

கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றையும் யாருக்கு வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆனால் "நானே ஓட்டறேன்" என்று வாய்விட்டுச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் வகுப்பு இல்லாததால், அதை மட்டும் அவரவர் நடுரோட்டில் நின்றுதான் படித்துக்கொண்டோம்.