நாலு அடுக்கு நாற்றம்

அந்தக் கேரவனின் கதவை என் வீட்டுக்காரர் பெருமையாகத் திறந்து, "வா, நம்ம வீட்டப் பாரு" என்றார். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். உள்ளே இருந்து வந்த நாற்றத்தில் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு ஏறிவிட்டது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இத வீடுன்னு சொல்லாதீங்க. இது வண்டி" என்றேன்.

நான் ஒன்றும் அசிங்கத்துக்கு அஞ்சுகிறவள் இல்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையலறையில் பாதி ஆயுசைக் கழித்தவள். பிள்ளைகள் மிச்சம் வைத்த கஞ்சி அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் முழங்கை வரை கையை விட்டு அள்ளியிருக்கிறேன். அதே கையைக் கழுவிவிட்டுச் சோறும் தின்றிருக்கிறேன். மலை ஈரம் எப்படி நாறும் என்பதும் தெரியும். மழை மாதத்தில் பீரோவுக்குள் சேலையெல்லாம் பூஞ்சை பூத்துக் கிடக்கும். அது வேறு. இது நனைந்த நாயும் எலி மூத்திரமும் பழைய கறிக்குழம்பும் ஒன்றாகக் கிடந்து புளித்த நாற்றம்.

அவர் அதே பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டினார். ஓய்வு பெறுகிற வருஷம் அது. லீவு முடிந்து பள்ளி திறப்பதற்குள் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். பெருமாள்மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடந்தது. செங்குத்தான சரிவு, கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காது; ரோட்டோரமாக ஒரு வண்டி நிற்கிற அளவுக்குத்தான் சமதரை. சக்கரம் வைத்த வீடாக இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று யோசித்த மனுஷன், கட்டின பெண்டாட்டியையும் கேட்காமல், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பழைய கேரவன் ஒன்றை மதுரையிலிருந்து மலையேற்றி அந்த நிலத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கட்டில் இருக்கிறது, அடுப்பு மேடை இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கே தெரிகிறது என்று அடுக்கினார். எல்லாம் இருந்தது, மூச்சு விடத்தான் முடியவில்லை.

நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். சாவி கொடுக்கிற நாளுக்குள் இந்த நாற்றம் போகாவிட்டால் நான் கன்னிவாடிக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். நீங்கள் இந்த வண்டிக்குள் தனியாகக் குடித்தனம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று. வழக்கமான மிரட்டல் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே என் சேலைகள், பாத்திரம், சாமி படங்கள் எல்லாவற்றையும் இரண்டு டிரங்குப் பெட்டியில் கட்டிக் கன்னிவாடிக்கு அனுப்பிவிட்டேன். சாமி படம் போனதும்தான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு மத்தியானம் தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பள்ளிக்கூட பஸ்ஸை எஃப்.சி. சோதனைக்குத் தயார் பண்ணும் சோலி இருந்ததால் அவர் வெள்ளனே போய்விடுவார். பூம்பாறையிலிருந்து ஒரு ஆசாரியை ஏற்பாடு செய்துவிட்டு, கூடமாட நின்று பார்த்துக்கொள் என்று என்னை அங்கே நிறுத்தினார். ஆசாரி உள்ளே போய், சுவரைத் தட்டினார், கூரையைத் தடவினார், கடைசியில் தரையில் குதிகாலை வைத்து அழுத்தினார். தரை மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. தரையை உரிக்காமல் ஒன்றும் நடக்காது என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்தார்.

மேலே பச்சைப் புல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கடை வாசலில் போடுவார்களே, அது. வாங்குகிறவர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். அதை உரித்தால், மர நிறத்தில் ஒரு ரெக்சின். ரெக்சினின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு வழுவழுப்பு, கோழை மாதிரி நூல் விட்டுக்கொண்டு வந்தது. கருமம், என் கையில் ஒட்டியது. மூன்று தரம் சோப்புப் போட்டும் விரலை மோந்து பார்த்தால் குமட்டியது. ரெக்சினுக்குக் கீழே ஒரு சிவப்புக் கம்பளம். ஒரு காலத்தில் சிவப்பு. அதில் முடி, வெட்டிய நகம், கோழி எலும்பு, யாரோ மென்று துப்பிய பாக்கு. பெருவிரல் நகம் ஒன்று முழுசாக இருந்தது. அதைப் பார்த்ததும் வெளியே ஓடிப் போய்ச் செடி ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

நாலாவது அடுக்குதான் தரைப் பலகை. ஆசாரி கடப்பாரையே போடவில்லை. டீயில் ஊறிய வர்க்கியைப் போலக் கையாலேயே பிட்டுப் பிட்டு எடுத்தார். பலகைக்குக் கீழே எலிக்கூடு. பஞ்சு, ஷாம்பு பாக்கெட், கிழிந்த உள்பாவாடைத் துணி, நடுவில் அப்பளமாகக் காய்ந்த ஒரு எலி. பக்கத்திலேயே இன்னும் காயாத ஒன்று. சீ, இன்றைக்கு எழுதும்போதும் குமட்டி வாயில் எச்சில் ஊறுகிறது.

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எந்த மூதேவி இதற்குள் குடித்தனம் பண்ணினாளோ, ஒரு நாளாவது விளக்குமாற்றைத் தொட்டிருப்பாளா, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருப்பாளா, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று. மக்கினது தெரியாமல் இருக்க மேலே மேலே விரித்து மூடியிருக்கிறார்களே, இவர்கள் உருப்படுவார்களா என்று. ஆசாரி வாசல் பக்கத்துப் பலகையை மட்டும் உடையாமல் தூக்கி வெளிச்சத்தில் வைத்தார். அதில் ஸ்டிக்கர் கோலம் ஒன்று ஒட்டியிருந்தது, தாமரைக் கோலம். ஓரத்தில் மஞ்சள் பூசிய கறை.

இந்த லட்சணத்துக்குக் கோலம் ஒரு கேடா என்றேன். ஆசாரி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, கூரை ஒழுகியிருந்தா செவரு ஓரமாத்தான் இத்துப்போயிருக்கும். இது நடுவுல இருந்து வாசல் வரைக்கும் இத்துக் கெடக்கு. ஒழுகுன தண்ணி இல்ல இது. ஊத்துன தண்ணி."

குடிக்கிற தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள், இதுகளுக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று சொல்லிவிட்டு அந்தப் பலகையைக் கொண்டுபோய்க் குப்பையில் வீசினேன்.

அப்புறம் நாலு நாள். அடிச்சட்டத்து இரும்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினோம். பினாயிலை ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவிட்டு, ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தோம். மேகம் இறங்கினால் கதவைச் சாத்துவதும் வெயில் வந்தால் திறப்பதுமாக என் பொழுது போயிற்று. தண்ணீர் தாங்கும் பலகை என்று ஆசாரி ஒன்றை வாங்கிவந்து அறைந்து, மேலே புதுசாக ஒரு விரிப்பை ஒட்டினார். எந்தப் பலகையானாலும் வாரத்துக்கு ஒரு தரம் குளிப்பாட்டினால் மக்கத்தான் செய்யும், ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று போகும்போது இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் மண்டியிட்டு, மூக்கைத் தரையில் வைத்து, கட்டிலடி வரைக்கும் மோந்து பார்த்தேன். பெயிண்ட் வாடை, பசை வாடை. எலி இல்லை.

சாவி கொடுக்கிற நாளும் வந்தது. ஒரே ஒரு துணிப்பையோடு கேரவனுக்குப் போனேன். இரண்டு நாள் பார்ப்பேன், வண்டிக்குள் நாற்றம் திரும்பி வந்தால் பெட்டி இருக்கிற இடத்துக்குப் போய்விடுவேன் என்று சொல்லியே உள்ளே காலை வைத்தேன். அவரோ, நான் எங்கே மூக்கைச் சுளிக்கிறேன் என்று இரண்டு நாளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளனே எழுந்து வாளியில் தண்ணீர் பிடித்தேன், மஞ்சள் தூளைக் கலக்கினேன், சேலையைத் தூக்கிச் செருகினேன். கை தன் பாட்டுக்குச் செய்தது. முக்கால் வாளியை நடுத்தரையில் வீசி ஊற்றி, விளக்குமாற்றால் வாசலைப் பார்த்துத் தள்ளினேன். வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் படியில் தண்ணீர் வழிவதைப் பார்த்து ஓடி வந்தார்.

"ஏ புள்ள, வண்டிக்குள்ள ஏன் தண்ணி ஊத்துற?"

"வீட்டக் கழுவாம எப்படிங்க வெளக்கேத்துறது?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும். பற்பசை நுரையோடு வாயைத் திறந்தபடி நின்றார். தண்ணீர் நடுவிலிருந்து வாசலுக்கு, ஆசாரி காட்டின அதே வழியில் ஓடிக்கொண்டிருந்தது. கோலம் ஒட்டி, மஞ்சள் பூசி, வெள்ளிக்கு வெள்ளி கழுவிக் கழுவித்தான் முன்னே இங்கே குடியிருந்தவள் அந்தத் தரையை அழுகவிட்டிருக்கிறாள். நாலு நாளாக அவளை மூதேவி என்று திட்டிய என் வாயை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நிக்காதீங்க, வெரசா ஒரு துணி எடுங்க" என்றேன். அவர் துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் மண்டிபோட்டு, மூலை முடுக்கெல்லாம் ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டே பிழிந்தார்.

தரை காய்ந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். நாற்றம் போய்விட்டதா என்று கேட்டாள். இரண்டு பெட்டியையும் நாளைக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடு, சாமி படம் உடையாமல் பார்த்துக்கொள், அப்படியே கடையில் தரை துடைக்கிற மாப்பு ஒன்று நல்லதாக வாங்கி அனுப்பு என்றேன்.