பதினைந்து பேர் இருந்தால் ஒரு பாடம்

ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கேயும் போகப்போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மடியில் துணிப்பை, சட்டைப்பையில் பேனா. பார்த்தால் ஏதோ அவசர வேலையாகக் கிளம்பிய ஆள் மாதிரிதான் இருக்கும். ஆனால் மரக்காணம் நிறுத்தத்தில் நான் ஏறும் நாளெல்லாம் அவர் ஏதாவது ஓர் ஆட்டோவில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வெளியே ஓட்டுநர், "ஒரே ஆளு! ஏறினா எடுத்துடலாம், ஒரே ஆளு!" என்று கூவிக்கொண்டிருந்தார். அதை நம்பி மீன்கூடையோடு ஓர் அம்மா ஏறினார். அவர் பின்னாலேயே ஒரு கணவனும் மனைவியும். உடனே துணிப்பைக்காரர், "சரி மச்சான், நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று இறங்கினார். அவரும் ஆட்டோக்காரர்தான். காலி வண்டியில் யாரும் முதலில் ஏறமாட்டார்கள் என்பதால் இவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி இது. ஆள் காட்டுவது என்று இதற்குப் பெயர்.

"ஏம்பா, நீ என்னிக்குத்தான் எக்கியார்குப்பம் வரப்போற?" என்று மீன்காரம்மா கேட்டார். வண்டியே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. என் மடியில் இருந்த ஃபைலுக்குள் ஒரு பதிவுத்தாள் இருந்தது. அதில் பதினைந்து பெயர்கள் வேண்டும். இருந்தது ஒன்று. அதுவும் என்னுடையது. துணிப்பைக்காரர் டீக்கடைக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நகர்வதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என்ன விளங்கியது என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரி. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டில், ஆறாம் செமஸ்டரில் இருந்தேன். எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி வந்த பிறகு சேர்ந்த முதல் கூட்டம் நாங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட், மொத்தமும் சேர்ந்தால்தான் பட்டம் என்று புது ஏற்பாடு. அதையெல்லாம் விளக்கி முதலாண்டிலேயே ஒரு ரெகுலேஷன் புத்தகம் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் பலருக்கு அது விசிறி. ஆட்டம் கண்ட பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்தும் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் அதைப் படித்தேன். போண்டா சுற்றிவந்த காகிதத்தையே எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவள், இதை விடுவேனா?

அதில் ஆறாம் செமஸ்டருக்கு எட்டு விருப்பப் பாடங்கள் இருந்தன. எட்டும் ஓட்டல் பலகையில் எழுதிவைத்த பலகாரங்கள் மாதிரிதான். ரோஸ்ட், ஊத்தப்பம், அடை என்று வரிசையாக இருக்கும். கேட்டால், "இட்லிதான் இருக்குது" என்பார்கள். எங்கள் துறையில் இட்லியின் பெயர் டீ.கியூ.எம். தர மேலாண்மை. லேப் கிடையாது, கணக்கு கிடையாது. இதே பாடம் வேறு துறைகளில் நடந்து வந்ததால் பழைய கேள்வித்தாள்கள் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும்.

எனக்கு அடைதான் வேண்டும். அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். லேபில் ஒருநாள் திரையில் சாய்வாக ஒரு கோடு போடச்சொல்லி நிரல் எழுதினேன். கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து வந்தது. நிரலில் தப்பில்லை. ஏன் உடைகிறது என்று கேட்டதற்கு, புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர், "அது கிராஃபிக்ஸ் சிலபஸ்ல வரும்மா" என்றார். யாரும் நடத்தாத பாடத்தின் சிலபஸில். "நீங்க நடத்துவீங்களா சார்?" என்று கேட்டேன். "பதினஞ்சு பேர கூட்டிட்டு வா, நடத்தறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். புத்தகத்தின் இருபத்திரண்டாம் பக்கமும் அதையேதான் சொன்னது: குறைந்தது பதினைந்து பேர் பதிவு செய்தால் துறை அந்தப் பாடத்தை நடத்தவேண்டும்.

ஆட்டோவில் விளங்கியது இதுதான். காலித் தாளில் யாரும் முதலில் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆள் காட்ட வேண்டும்.

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்தில் என் பக்கத்து இடத்தைப் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். கீழ்புத்துப்பட்டைத் தாண்டினால் வண்டியில் நிற்கவும் இடமிருக்காது. கோட்டக்குப்பத்தில் என் தோழி ஏறுவாள். ஐந்து செமஸ்டராக வகுப்பில் முதலிடம் அவளுக்குத்தான். அவள் பேனா வாங்கினால் நான்கு பேர் அதே பேனா வாங்குவார்கள். ஆள் காட்ட அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

"கிராஃபிக்ஸா? எனக்கு வேணாம்டீ. அத்தா துபாய்லேருந்து போன் பண்ணா மொதல்ல ரேங்க்குதான் கேப்பாரு."

"நீ படிக்க வேணாம். என் பேருக்கு அடுத்தாப்ல கையெழுத்து மட்டும் போடு. பதினஞ்சு பேர் சேந்ததும் இறங்கிக்க."

"எங்கேருந்து இறங்கறது?"

துணிப்பைக்காரர் கதையைச் சொன்னேன். கல்லூரி வாசல் வரைக்கும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பாடத்தை மாற்றிக்கொள்ளப் பத்து வேலைநாள் அவகாசம் இருக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் அவளுக்கு நஷ்டமில்லை. இதே கதையைச் சொல்லி இன்னும் நான்கு பேரை ஏற்றினேன். ஆக ஆள் காட்டுபவர்கள் ஐந்து பேர். அதன்பிறகு தாள் தானாக நகர்ந்தது. "ஃபர்ஸ்ட் ரேங்க்கே எடுக்குதா? அப்ப போடு" என்றார்கள். மூன்று நாளில் பதினேழு பெயர். பதினேழில் என்னைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர் நிஜமானவர்கள். துறைத்தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். லைப்ரரியில் அந்தப் பாடத்துக்கு இருந்த ஒரே புத்தகத்தை அன்றைக்கே எடுத்துவந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மழைக்காலம் முடிந்து பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கியிருந்தது. முழங்கால் வரை ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பதினஞ்சு பேரு சேரலன்னா பாடமே இல்லியா? அப்ப அந்த வாத்தியாரு இன்னா பண்ணுவாரு, சும்மா ஒக்காந்திருப்பாரா?" நான் இதுவரை யோசிக்காத கோணம் அது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பத்தாவது வேலைநாள் மதியம் வரைக்கும். அன்று வெள்ளிக்கிழமை. லேப் நேரம் எப்போது என்று கேட்க அலுவலக ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த எழுத்தர், "மொதல்ல பாடம் இருக்குதான்னு பாப்போம். சாயங்காலம் நாலரைக்குத்தானே தல எண்ணுவோம்" என்றார்.

"அன்னிக்கே எண்ணிட்டீங்களே சார்? பதினேழு."

"அது பதிவு. கணக்கு வந்து, மாத்திக்கிற கடைசி நாளு எத்தன பேரு மிச்சமோ அது." என்னிடமே இருந்த புத்தகத்தை வாங்கி இருபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். இருபத்துமூன்றாம் பக்கத்தின் முதல் வரி. போண்டாக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் பக்கத்தைத் திருப்பவில்லை.

"இப்ப எத்தன பேரு சார் இருக்காங்க?"

"பதினேழுல ரெண்டு மாத்திட்டுப் போயிடுச்சி. கரெக்டா பதினஞ்சு."

"பதினஞ்சுக்குக் கொறஞ்சா?"

"பாடம் கேன்சல். அதுல இருக்கறவங்களுக்கு மூணு கிரெடிட் அம்போ. அடுத்த வருஷம் சேத்து எடுக்கணும்."

"நீங்களே டீ.கியூ.எம்.முக்கு மாத்திட மாட்டீங்களா?"

"மாத்தறதுக்குக் கடைசி நாளே இன்னிக்குத்தாம்மா. நாலரைக்கு ஜன்னலச் சாத்திட்டா நான் யாரு மாத்தறதுக்கு?"

அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ. நிலுவை இருக்கிறவர்களை உள்ளேயே விடமாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். ஆள் காட்டியவர்களில் இன்னும் மூன்று பேர் வண்டியில் இருந்தார்கள். அதில் ஒரே ஒருவர் ஜன்னல் சாத்தும் நேரத்தில் இறங்கினால்கூடப் போதும், என்னை நம்பி ஏறிய பதினோரு பேரும் நானும் நடுரோட்டில்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் என்ன, வகுப்புக்குத் திரும்பும் வழி முழுக்க நினைத்தேன். அப்புறம் பாதி வழியில் திரும்பி அலுவலகத்துக்கே ஓடி, மாற்றுப் படிவம் பதினான்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். படிவங்களை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ, துணிப்பைக்காரர், ஐந்து பொய்ப் பயணிகள், இருபத்துமூன்றாம் பக்கம். "யாருக்குப் பயமா இருக்குதோ, இப்பவே மாத்திக்கிங்க. நாலரை வரைக்கும் டைம் இருக்குது" என்று முடித்தேன். யாருடைய டிபன் பாக்ஸ் மூடியோ கீழே விழுந்து உருண்டது.

"ஏன் தாயே, எங்கள பாத்தா ஏமாந்த சவாரி மாதிரியா தெரியுது?" என்றான் திண்டிவனத்துக்காரன். அவன் நிஜமாகச் சேர்ந்தவன்.

"நான் அவ பேரு மேல இருந்ததாலதான் போட்டேன்" என்றாள் இன்னொருத்தி. எல்லாத் தலைகளும் என் தோழியின் பக்கம் திரும்பின.

ஆள் காட்டியவர்களில் ஒருவன் பின்பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினான். "இறங்கறதுக்கு ஃபார்ம் குடுக்கணுமா? தானா இறங்கிடும்னுல்ல நெனச்சேன்."

"தானா எப்பிட்றா இறங்கும்?"

"சரி விடு. அந்த கியூல எவன் நிப்பான்? நான் இதுலயே இருந்துக்கறேன்." அவன் இருந்தால் தானும் இருப்பதாக அவன் பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அவனும் ஆள் காட்டியவன்தான். இரண்டு பேர் இப்படியே முடிந்தது.

மிச்சம் என் தோழி. அவள் பையில் பூர்த்தி செய்த படிவம் இருந்தது, துறைத்தலைவர் கையெழுத்தோடு. மூன்று மணிக்குக் கொடுப்பதாக இருந்தாள்.

"எல்லாரும் ஏன் என் மூஞ்சியவே பாக்கறீங்க?" என்று வெடித்தாள். "டீ.கியூ.எம்.ல அஞ்சு வருஷ கொஸ்டின் இருக்குது. இதுல இன்னா இருக்குது? லைப்ரரில ஒரே ஒரு புக்கு. அதையும் இவ வீட்ல வச்சிருக்கா!"

சிரித்துவிட்டார்கள். நானும்தான். ஆனால் யாரும் அவளைக் கெஞ்சவில்லை. நான் கெஞ்சியிருக்கலாம். ஒருமுறை பொய்க்கு உட்கார வைத்தவளை இன்னொருமுறை எப்படி உட்காரச் சொல்வது? மேஜைமேல் படிவங்கள் அப்படியே கிடந்தன. திண்டிவனத்துக்காரன் ஒன்றை எடுத்தான். எழுதப்போகிறான் என்று பார்த்தால் அதை விரித்து அதன்மேல் புளிசாத டப்பாவை வைத்தான்.

கடைசி பீரியடில் யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை. நாலு அடித்ததும் அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியரிடம் ஏதோ உளறிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். ஜன்னலில் அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. அவள் முறை வந்தது.

"சார், கிராஃபிக்ஸுக்கு கொஸ்டின் பேப்பர் யாரு எடுப்பாங்க?"

"நடத்தறவருதாம்மா."

"மாடல் பேப்பர் ஏதாவது குடுப்பாங்களா?"

"மொத தடவ நடக்குது. மாடலுக்கு நான் எங்க போவேன்?"

அவள் என்னிடம் திரும்பினாள். கணக்குப் போடும்போது வருகிற முகம் அது. "அப்ப யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல."

"யார்கிட்டயும் இல்ல."

"டீ.கியூ.எம்.ல அந்த ஜெராக்ஸ படிச்சிட்டு எல்லாரும் தொண்ணூறு வாங்குவாங்க. நான் தொண்ணூத்திரெண்டு வாங்கி இன்னாடீ பிரயோஜனம்? இதுல படிச்சவதான் வாங்க முடியும்."

இரண்டு வாரமாக அவளிடம் என்னென்னவோ சொல்லியிருந்தேன். இதை மட்டும் எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை.

"ஏம்மா, குடுக்கறியா இல்லியா? சாத்தணும்."

"இல்ல சார். நீங்க சாத்துங்க."

ஜன்னல் சாத்தப்பட்டது. பதினைந்து. நான் கத்தப்போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இரு. கொஸ்டின் பேங்க் இல்லாம நான் எந்தப் பரீட்சையும் எழுதினதில்ல. நாமளே பண்ணணும். மொத்தம் அஞ்சு யூனிட்டு, யூனிட்டுக்கு மூணு பேரு, ஆளுக்கு இருபது கேள்வி." படிவத்தைச் சுவரில் வைத்து அதன் பின்பக்கத்திலேயே பெயர்களைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே போனாள். என் பெயர் வரவே இல்லை. கடைசி யூனிட்டில் முதல் ஆளாக வந்தது.

"அதுதான்டீ இருக்கறதுலயே கஷ்டம்!"

"தெரியும். புக்கு உன்கிட்டதானே இருக்குது."

மற்றவர்களுக்குச் சொல்ல இருவரும் ஓடினோம். வகுப்பில் எழுந்த சத்தத்துக்கு ஆசிரியர் பாடத்தை அத்தோடு முடித்துக்கொண்டார். திரும்பும் பேருந்தில் அவள் இறங்குமுன் நாள் குறித்துவிட்டாள்: திங்கட்கிழமை காலை, கோட்டக்குப்பம் நிறுத்தத்தில் அவள் ஏறும்போது என் இருபது கேள்விகளும் கையில் இருக்கவேண்டும், திருத்தப்போவது அவள்தான்.

அவள் இறங்கியதும் சிலபஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு கனசதுரத்தை வரைந்தால் அதன் எந்தெந்தப் பக்கங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கணினி எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் என் யூனிட். நான்கு வழிகள் இருப்பதாகப் போட்டிருந்தது. நான்கின் பெயரும் எனக்குப் புதிது. கையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தன. பதில் ஒன்றுகூடத் தெரியாத பாடத்தில் ஒரு நல்ல கேள்வியை எப்படி எழுதுவது என்று முதலில் பார்க்கவேண்டும். மீதிப் பத்தொன்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.