அடையாற்றில் படகு தரை தட்டிய காலை

சென்னையில் மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போகும் படகில் ஏற எது நல்ல இடம் என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரே ஒரு பயணம்தான் வாய்த்தது. 1996 ஜனவரியில் போனது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

அப்போது அபிராமபுரத்தில் குடியிருந்தோம். என் கணவர் ரகுவின் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் அத்திம்பேர் என்று கூப்பிடுபவர், கச்சேரி கேட்க பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்தார். பறவைப் பைத்தியம். "மோட்டார் சத்தம் இல்லாம ஒரு படகு கெடைச்சா போறும்" என்றார். வழி தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

பக்கிங்காம் கால்வாய் வீட்டுக்குப் பக்கம். ஆனால் பறக்கும் ரயிலுக்காக அதன் நடுவிலேயே தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டுக்காடு அழகுதான், முப்பது கிலோமீட்டர் போகவேண்டும், விடுமுறைக் கூட்டம் வேறு. மிச்சம் அடையாறு முகத்துவாரம். ஆட்டோவில் பத்து நிமிடம், பறவைகளுக்கும் குறைவில்லை. கடல் காற்றில் நாற்றம் தெரியாது என்றார்கள். (தெரியும்.) மீன் பிடிக்கத் தட்டைப் படகு வைத்திருந்த கன்னியப்பன் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று ஐந்தரை மணியைக் குறித்தது நான்.

ரகு, அத்திம்பேர், நான் மூவரும் ஏறிக்கொண்டோம். முதல் அரை மணி நேரம் சுகமாகவே போனது. கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும். இருட்டு கரையக் கரைய நாரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கரையோரம் போகலாம் என்று அத்திம்பேர் சொல்ல, கன்னியப்பன் திருப்பினார். கடல் வற்றும் நேரம் போலிருக்கிறது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கழியை ஊன்றினால் அது பாட்டுக்கு உள்ளே போனது.

எதிரே முள் புதர்கள். அவற்றின் பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கையில் தகர டப்பாவோடு வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. அத்திம்பேருக்குப் புரியவில்லை. புதர் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பறவையை பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ்! இன்னாத்த வெச்சிகினு பாக்குற? அக்கா தங்கச்சியோட பொறக்கல நீ?"

அத்திம்பேர் பைனாகுலரை மடியில் போட்டுக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று.

"குருவி பாக்குறாருக்கா. போட்டு தரை தட்டிகினு நிக்குது" என்றார் கன்னியப்பன்.

"குருவியா? விடியறதுக்குள்ள வந்தாத்தான் எங்களுக்கு உண்டு. அப்பால ஆம்பளைங்க வந்துருவானுங்க. உன் பொண்டாட்டியும் இங்கதான் நிக்கிறா, பாரு."

கன்னியப்பன் பார்க்கவில்லை. ஆண்கள் மூவரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். அதனால் என்ன? பெண்கள் நின்றபடியே இருந்தார்கள். வானம் வெளுத்துக்கொண்டே வந்தது.

கிளம்பும்போது இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தேன். சங்கடத்தோடு அடிவயிறும் சேர்ந்து முட்டியது. ரகுவிடம் கிசுகிசுத்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கோயேன்" என்றார், திரும்பாமலே.

கத்திய அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, நெளியிற? எறங்கி வா."

முழங்கால் சேற்றில் அவளே வந்து கையைப் பிடித்து இறக்கினாள். புதருக்குப் பின்னால் இரண்டு பேர் முதுகைக் காட்டி மறைவாக நின்றார்கள். எனக்கு உட்காரவே வரவில்லை. எங்கே பார்த்தாலும் வெளிச்சம்.

"முந்தானைய எடுத்து மூஞ்சில போட்டுக்கோ," என்றாள். "மூஞ்சி தெரியலன்னா நீ யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

போட்டுக்கொண்டேன். புடவைக்குள் என் மூச்சு சுட்டது. வாழ்க்கையில் அப்படி அழுததில்லை. சத்தமும் வரவில்லை.

பிறகு நான்கு பேர் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டார்கள். உதவியாகவா, தொலைந்தால் சரி என்றா, தெரியாது. "சீக்கிரம் போங்க, சீக்கிரம்!" படகு ஆழத்துக்கு நகர்ந்ததும் நன்றி சொல்லத் திரும்பினேன். அதற்குள் எல்லோரும் முந்தானையை முகத்தில் இழுத்து உட்கார்ந்துவிட்டார்கள். என் கையைப் பிடித்தது யார் என்று தெரியவில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் மாமியார், "பறவையெல்லாம் பார்த்தேளா?" என்று கேட்டார். "நெறைய" என்றார் அத்திம்பேர். மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

எங்கே ஆறு பார்த்துப் படகு பிடிப்பதானாலும் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். பறவைகள் அப்போதும் வரும். தண்ணீர் ஏறுமா இறங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரையை விட்டு நடு ஆற்றிலேயே போகச் சொல்லுங்கள். பைனாகுலரை வானத்தை நோக்கி மட்டும் பிடியுங்கள். அதிகாலை மட்டும் வேண்டாம். நம் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் அந்தக் கரை, யாரோ சிலருக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டுமே சொந்தம்.