குற்றம் இல்லாத தோட்டத்துக்கு வந்த மானியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குற்றம் நடப்பதில்லை என்பதை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் தானா ராத்தா டவுனிலிருந்து ஓர் அரசாங்க அதிகாரி ஜீப்பில் ஏறி வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது.

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட். ஐந்தாம் பாரம் முடித்திருந்தேன். பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா, வெள்ளைக்கார துரைகளிடம் வேலை பழகியவர். ஆங்கிலத்தில் ஒரு கமா தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார். மலாய்க் கடிதம் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீயே பாரும்மா" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த ஒரு காரணத்தால்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

ஜீப்பில் வந்தவர் இளம் மலாய் அதிகாரி. நல்ல மனிதர், தேநீர் கொடுத்த கிழவிக்கும் எழுந்து நின்று நன்றி சொன்னார். குற்றத் தடுப்புக்கு அரசாங்கம் மானியம் ஒதுக்கியிருக்கிறது, தோட்டம் ஒரு குழு அமைத்தால் போதும், காவல் குடிசை, விசில், டார்ச்லைட், மழைக்கோட்டு எல்லாம் வரும் என்றார். எங்கள் மானேஜர் துரைக்கு மழைக்கோட்டு என்ற சொல் பிடித்துப்போனது. பல மாதங்களாக ஆட்கள் அதைத்தான் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே குழு அமைந்தது. கங்காணி தலைவர். நான் செயலாளர். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் கங்காணியின் சொந்தக்காரர்கள். தோட்டத்தில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம் என்பதால் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொருள்கள் ஒரு மாதத்தில் வந்தன. காவல் குடிசையை எஸ்டேட் நுழைவாயிலில் கட்ட வேண்டும் என்று உத்தரவு. லாரி சேற்றில் மாட்டிக்கொண்டதால் அது பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்திலேயே இறங்கியது, அங்கேயே நின்றது. நாள் முழுக்க ஆயாவோடு தூங்கிக்கொண்டிருக்கும் கைக்குழந்தைகளுக்கு இவ்வளவு பலத்த காவல் வேறெந்தத் தோட்டத்திலும் இருந்திருக்காது. ராத்திரி ரோந்து போக வேண்டும் என்று தாளில் இருந்தது. அந்தக் குளிரில் ராத்திரி எவன் வெளியே போவான்? கங்காணி யோசித்து, ரோந்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினார். நாலு பேர் லயத்து வீடுகளைச் சுற்றி ஒரு நடை வந்து விசில் ஊதுவார்கள். அதைக் கேட்டுப் பெண்கள் அடுப்பு மூட்டப் போவார்கள். அந்த வகையில் அது பயனுள்ள திட்டம்தான்.

மழைக்கோட்டுகள் மறுநாளே குழு உறுப்பினர்களின் மனைவிமார் முதுகில் கொழுந்துக் கூடைக்கு அடியில் தெரிந்தன.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை அனுப்ப வேண்டும், அதன் நகல் ஒன்று போலீசுக்கும் போகும். முதல் அறிக்கையில் நான் உள்ளதை எழுதினேன். குற்றம்: இல்லை. சந்தேக நபர்: இல்லை. எடுத்த நடவடிக்கை: இல்லை. பெரிய கிராணி படித்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்று பாராட்டினார்.

இரண்டு வாரத்தில் ஜீப் மறுபடி வந்தது. அதிகாரி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அறிக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"ஒன்றுமே நடக்கவில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை துவான்."

"குற்றம் இல்லாத இடத்துக்குக் குற்றத் தடுப்பு மானியம் எதற்கு என்று கோலாலம்பூரில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது? கீழே ஒரு தோட்டத்தில் ஆறு சம்பவம். அவர்களுக்கு மோட்டார்சைக்கிளே கொடுத்திருக்கிறோம்."

நான் பக்கத்தில் நின்ற துரையைப் பார்த்தேன். துரை ஜன்னல் வழியாகப் பனிமூட்டத்தைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழு கூடியது. குடிசைக்குள் நாலு பேருக்குத்தான் இடம், ஆகவே மற்றவர்கள் வெளியே நின்று ஜன்னலில் தலையை நீட்டினார்கள். குற்றம் என்றால் என்ன என்பது விவாதம். சண்டை குற்றமா? புருஷன் பெண்டாட்டி சண்டை சேராது என்று முடிவானது. இல்லாவிட்டால் குழுவில் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். கடைசியில் கங்காணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஞ் சேவல் ஒன்னு காணோம்."

"அத மரநாய் தூக்கிட்டுப் போச்சு மச்சான்," என்றார் ஜன்னலில் இருந்த ஒருவர். "நாந்தான் றெக்கைய பாத்தேனே."

"மரநாய்க்கு ஐசி இருக்கா? அது பேர எப்பிடி எழுதறது? ஆளு பேரு வேணும் லா."

அப்போதுதான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கவாத்துக்காரர் கையைத் தூக்கினார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் அவருக்கு நிகர் எங்கள் மலையில் கிடையாது. எனக்குச் சொந்தமில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். குழுவில் இல்லாததால் மழைக்கோட்டு கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர்.

"பிள்ள, அந்தப் பாரத்துல திருந்தறவனுக்கு ஏதோ குடுப்பாங்கன்னு படிச்சியே?"

"ஆமா மாமா. மறுவாழ்வு உதவின்னு போட்டிருக்கு. பூட்ஸு, மழைக்கோட்டு, தொழில் பயிற்சி."

"அப்பன்னா எம் பேரப் போட்டுக்கம்மா. ஒரு சேவல்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவர் பெயரையும் அடையாள அட்டையான ஐசியின் நம்பரையும் குறித்துக்கொண்டேன். அது சிவப்பு ஐசி, குடிமக்களுடையது நீலம். இங்கேயே பிறந்தவர், பிறந்த பத்திரம் இல்லை, ஆகவே குடியுரிமை இல்லை. எங்கள் தோட்டத்தில் அப்படிப் பலர் இருந்ததால் அதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது அறிக்கையை நான் அனுபவித்து எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் மலாய்க் கட்டுரைக்கு எனக்கு எப்போதும் நல்ல மார்க். சந்தேக நபர் வேலியை எப்படித் தாண்டினார், சேவல் எப்படிக் கூவியது, ரோந்துக் குழு விசில் ஊதி எப்படி விரட்டியது என்று இரண்டு பக்கம் அடித்தேன். அடுத்த அறிக்கையில் அதே நபர் சௌசௌ கொடியில் கை வைத்தார். அதற்கடுத்ததில் துணி காயப்போட்ட கயிற்றை அறுத்தார். நாலாவதில், அதிகாரி சொன்னபடி, மனம் மாறத் தொடங்கினார்.

மானியம் கூடியது. குடிசைக்கு வெள்ளைச் சாயம் வந்தது, கங்காணிக்கு ஒரு சைக்கிள் வந்தது. மாமாவுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் மஞ்சள் மழைக்கோட்டும் வந்தன. பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் தோட்டக்கலைப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது வருசமாகச் செடி வெட்டியவருக்குக் கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று ஓர் இளைஞர் சொல்லிக்கொடுத்தாராம். "நல்லாத்தான் சொல்லிக்குடுத்தான். சாப்பாட்டுக்குக் கோழிக்கறி," என்றார் மாமா.

அதற்குப் பிறகு ஆபீஸ் ஜன்னலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "எங்க வீட்டுக்காரர் பேரையும் சேத்துக்க பிள்ள, ஏதாச்சும் சின்னதா ஒரு திருட்டு போதும்," என்று ஓர் அக்கா கெஞ்சினார். தோட்டத்தின் மதிப்பு கெட்டுவிடும் என்று கங்காணி தடுத்துவிட்டார். ஒரு தோட்டத்துக்கு ஒரு திருடன் போதும் என்பது அவர் கொள்கை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் மாமா வேலைக்குப் போகாமல் ஆபீசுக்கு வந்தார். மழைக்கோட்டு போடவில்லை. நனைந்திருந்தார்.

"என்ன மாமா?"

"நீல ஐசிக்கு எழுதிப் போட்டிருந்தேன்லம்மா. நேத்து ஐசி ஆபீசுல கூப்பிட்டிருந்தாங்க."

"கிடைச்சிருச்சா?"

"பைல பாத்தாங்க. நன்னடத்தைன்னு ஒரு பேப்பர் வேணுமாம். சேவல் திருடினியான்னு கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. இல்லன்னா நீ பொய் எழுதினேன்னு ஆயிரும். ஆமான்னா எனக்கு ஐசி கிடைக்காது. அதனால சும்மா நின்னேன்."

சும்மா நின்றதை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்களாம்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டுக்கொண்டு நின்றார். பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது மலாய் விசயம், நீயே பாரும்மா" என்றார்.

அன்று மத்தியானமே மாமாவைக் கூட்டிக்கொண்டு கொழுந்து லாரியில் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் சார்ஜன் வயதான மலாய்க்காரர். எங்கள் தோட்டத்து பைலை எடுத்து வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அப்படியென்றால் திருட்டே நடக்கவில்லை."

"இல்லை துவான்."

"சேவல்?"

"மரநாய் தூக்கிட்டுப் போச்சு."

"பொய் ரிப்போர்ட் கொடுப்பது குற்றம், தெரியுமா?" பக்கங்களைப் புரட்டி என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "உங்கள் தோட்டத்தில் இத்தனை வருசத்தில் நடந்த ஒரே குற்றம் இதுதான். நீதான் செய்திருக்கிறாய்."

நான் அழுதுவிட்டேன். மாமா பதறிப்போய்த் தன் உடைந்த மலாயில், "நான்தான் திருடினேன் துவான், அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்" என்று தொடங்கிவிட்டார். சார்ஜன் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

பைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பொய் என்று நான் எழுதினால் நீ மாட்டுவாய், கங்காணி மாட்டுவார், அந்த அதிகாரி மாட்டுவார். இந்த வட்டாரத்தில் குற்றம் குறைந்தது என்று நான் மேலே எழுதினேனே, அதில் குறைந்தது இந்த ஆள் செய்த குற்றம் மட்டும்தான். நானும் மாட்டுவேன். அதனால் இவர் திருந்திவிட்டார் என்று எழுதுகிறேன். திருந்தியவருக்கு நன்னடத்தைச் சான்று கொடுக்கலாம். திருடாதவருக்குக் கொடுக்க இந்த பைலில் வழி இல்லை."

அதிகாரிக்குச் செய்தி போனதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்டத்திலேயே முதல் திருந்திய ஆள். காவல் குடிசைக்கு முன்னால் ஒரு காலை வேளையில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, மைக் வைத்தார்கள். மாமா பூட்ஸும் மழைக்கோட்டும் போட்டு வர வேண்டும் என்று உத்தரவு. நல்ல வெயில் அடித்தது. வேர்த்துக்கொண்டு மேடையில் நின்றவருக்கு அதிகாரி மாலை போட்டார், சான்றிதழ் கொடுத்தார், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

மாமா மைக்கைப் பார்த்தார். தமிழில் பேசினார்.

"நான் திருடினேன்னு எழுதியிருக்காங்க. இப்ப திருடறதில்லன்னும் எழுதியிருக்காங்க. ரெண்டுக்கும் அரசாங்கத்துக்கு நன்றி."

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. தமிழ் தெரியாத அதிகாரி எல்லாரையும்விட பலமாகக் கைதட்டினார். முன்வரிசையில் மாமாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, கூட்டத்துக்கு நடுவில் நடந்து, வெளியே போய்விட்டார்.

மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அத்த, மாமாவுக்கு ஐசி கிடைக்கட்டும்னுதான்..."

"நீ மிஷின்ல ஒரு தடவ அடிச்ச. நான் நெரையில கொழுந்து எடுக்கறப்ப தெனம் கேக்கறேன். திருடன் பெண்டாட்டி, திருடன் பெண்டாட்டின்னு. வெளையாட்டுக்குத்தான் சொல்றாளுங்க. எம் மவ பள்ளிக்கூடத்துலயும் வெளையாட்டுக்குத்தான் சொல்றாங்க."

அத்தை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"ஐசி வரட்டும்," என்றார். "வந்தப்புறம் இவரு திருடலன்னு தமிழ்ல எழுதிக் குடு. கங்காணி காலைப் பெரட்டுல எல்லா ஆளுங்க முன்னாலயும் அத வாசிக்கணும்."

நீல ஐசி வர இரண்டு வருசம் ஆனது. அதற்குள் மானியம் நின்றுபோயிருந்தது. எங்கள் ஒரே திருடன் திருந்திவிட்டதால், திருந்தாத ஆட்கள் இருக்கும் வேறு தோட்டத்துக்குத் திட்டம் போய்விட்டது என்று கடிதம் வந்தது. அதை நான்தான் மொழிபெயர்த்துத் துரைக்குச் சொன்னேன்.

ஐசி கைக்கு வந்த அன்றே நான் எழுதிவிட்டேன். டைப்ரைட்டரில் தமிழ் கிடையாது, கையால்தான் எழுதினேன். கங்காணியிடம் கொண்டுபோனபோது, கண் தெரியவில்லை, தொண்டை சரியில்லை என்று மூன்று நாள் இழுத்தார். நாலாவது நாள் காலை, ஆள் கூப்பிடும் பெரட்டில், அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றார். இருநூறு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். வேலை தொடங்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. துரையின் ஜீப் வரும் சத்தமும் கேட்டது.

கங்காணி தாளைப் பிரித்து வாசித்தார். இவர் ஒருபோதும் யார் பொருளையும் எடுத்ததில்லை, அவர்மேல் எழுதியதெல்லாம் செயலாளர் எழுதிய பொய், அதற்குக் குழு உடந்தை என்று வேகவேகமாக வாசித்து முடித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "சரியா கேக்கல, இன்னொரு தடவ வாசிங்க" என்றார். கங்காணி இன்னொரு தடவை வாசித்தார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "எதுக்கு இதெல்லாம்" என்று முணுமுணுத்தபடி கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். எனக்கு அன்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஆபீசில் அடித்த எந்த அறிக்கையையும்விட அந்த ஒரு பக்கம் ஒழுங்காக வந்திருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அத்தை என்னிடம் பழையபடி பேச மேலும் எட்டு மாதம் ஆனது. அதுவும், மகளுடைய பள்ளிக்கூடப் பாரத்தை நிரப்ப வேண்டியிருந்தபோதுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.