அது அந்தப் பஸ் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதம் நடந்தது இது. நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு, முட்டத்துக்குப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். தினமும் காலையில் ஒரே டவுன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். பஸ் நம்பரையும் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்குப் பஸ் என்றால் பைத்தியம். இதை வெளியே சொல்ல இன்றும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாற்பது வயதுப் பெண்ணுக்குப் புடவை, நகை பிடிக்கலாம், பாட்டு பிடிக்கலாம். பஸ் பிடிக்கும் என்றால் சிரிக்கிறார்கள். ஒரு வண்டி எந்த டிப்போவைச் சேர்ந்தது, பாடி எப்போது கட்டியது, எந்த வண்டி இரண்டாவது கியரில் முனகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ரோட்டில் போகும் வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் கணவர், பேசாமல் நீ ஒரு டிரைவரைக் கட்டியிருக்கலாம் என்று போனில் கேலி செய்வார்.

என்னைப் போன்றவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பஸ் பிரியர்கள் குழு இருக்கிறது. மாவட்டம் முழுக்க உள்ள ஆட்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று பெரிய கூட்டம். நான் அதில் பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்தும், முகத்துக்குப் பதிலாக ஒரு பழைய பச்சைப் பஸ்ஸின் படமும் வைத்திருந்தேன். அதனால் எல்லோரும் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திருத்தவில்லை. எந்த வண்டி எந்த வழித்தடம் என்று அங்கே சண்டை வந்தால், கடைசியில் “அண்ணா வந்து சொல்லட்டும்” என்பார்கள். நான் போய்ச் சொன்னால் சண்டை முடிந்துவிடும். வீட்டிலும் வேலையிலும் கிடைக்காத மரியாதை அது. மனசுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த ஜூன் மாதம் ஒரு யூடியூப் சேனல் எங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டது. பஸ் பிரியர்கள் என்பவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள், ரோட்டில் நின்றுகொண்டு டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்லி, வளைவில் வண்டியைச் சாய்க்கச் சொல்லி, வீடியோ எடுத்துப் பயணிகளின் உயிரோடு விளையாடுகிறவர்கள் என்று இருபது நிமிடம் பேசினார்கள். கோமாளி இசை வேறு. ஆதாரம் என்று ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒரு டவுன் பஸ், ஹாரன் அலற, ஒரு வளைவில் சாய்ந்து சட்டென்று திரும்புகிறது. எங்கோ மலைப்பாதையில் ரசிகர்களுக்காக டிரைவர் காட்டிய வித்தை என்றார்கள். பஸ் நம்பரையும் டிரைவர் முகத்தையும் மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். கடைசியில் அந்தத் தொகுப்பாளர், இவர்களுக்கு வண்டிதான் தெரியும், வண்டியில் வருகிற மனுஷர்களைத் தெரியாது என்று சொல்லி முடித்தார்.

குழு கொதித்துப் போனது. சேனல் மேல் புகார் செய்வோம், தொகுப்பாளருக்குப் பாடம் கற்பிப்போம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் நான் திட்டவில்லை. திட்டுவதற்கு அவசியமே இல்லை. அந்த வீடியோவைப் பார்த்த மூன்றாவது நொடியில் அது என்ன வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்து முகப்பு விளக்கு மட்டும் மஞ்சளாக இருக்கும். பின்பக்க இடது மூலையில் ஒரு நெளிவு. பின்னால் தெரிவது மலையே இல்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவர். நான் தினமும் போகும் பஸ். அன்றைக்கு நானும் அதற்குள் மூன்றாவது சீட்டில் இருந்தேன்! பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பைக்காரர் குறுக்கே பாய்ந்தார். அவரைக் காப்பாற்றத்தான் டிரைவர் ஹாரன் அடித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். ரோட்டோரம் நின்று வழக்கம்போல வீடியோ எடுத்த யாரோ ஒருவரின் போனில் அது விழுந்திருக்கிறது.

அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். எந்த டிப்போ, எந்த வண்டி, காலையில் எத்தனை மணி நடை, எந்தத் தெரு, எந்த வளைவு, அடையாளங்கள் என்னென்ன, உண்மையில் நடந்தது என்ன என்று ஒன்று விடாமல் எழுதினேன். மலைக்கும் கல்லறைச் சுவருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எங்களைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள் என்று முடித்தேன். மறுநாள் விடிவதற்குள் அது எங்கெங்கோ பரவிவிட்டது. அண்ணா கிழித்துத் தொங்கவிட்டார் என்று குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் பரிசோதனைக் கூடத்தில் ஊசியும் கையுமாக நின்றபடி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. வினையே அதுதான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்துத் தெரு பஸ் போகிற தெரு இல்லை. வழித்தடம் மேலே மெயின் ரோட்டோடு போகிறது. கீழே கடற்கரையிலிருந்து ஐந்தாறு பெண்கள் மீன் சட்டியோடு நாகர்கோவிலுக்கு விற்கப் போவார்கள். மெயின் ரோட்டு முக்குக்கு வர நல்ல ஏற்றம். எத்தனையோ வண்டிகள் வாடை என்று சொல்லி அவர்களைப் பார்த்தும் பாராமல் போயிருக்கின்றன. இந்த டிரைவர் மட்டும் காலை நடையில் வண்டியைக் கீழே திருப்பி, அவர்களை ஏற்றிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் வழியாக மறுபடி மேலே வந்துவிடுவார். நாலு நிமிடம் கூட ஆகாது. வருடக்கணக்கில் நடப்பதால் அது விதிமீறல் என்பதே எங்களில் யாருக்கும் நினைவில் இல்லை. எனக்காவது இருந்திருக்க வேண்டும். அந்த வண்டியின் வழித்தடம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பயணி நான்தான்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வேறு டிரைவர் இருந்தார். வண்டி கீழே திரும்பவில்லை. கண்டக்டரிடம் கேட்டேன். யாரோ ஒரு படித்த புண்ணியவான் ஃபேஸ்புக்கில் அக்குவேறு ஆணிவேறாக எழுதிவிட்டானாம். அதை யாரோ அதிகாரிக்கு அனுப்ப, தடம் மாறி ஓட்டியதற்கு டிரைவருக்கு மெமோ கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஏழு நாளில் விளக்கம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லாத மனுஷன், தண்டனை வந்தால் வேறு டிப்போவுக்குத் தூக்கி அடித்துவிடுவார்கள் என்றார்.

முக்கில் வண்டி நின்றது. சாரல் மழை. அந்தப் பெண்கள் தலையில் சட்டியோடு ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த இரண்டு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் பாதி ஏற்றத்தில் இருக்கும்போதே புது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். இத்தனை வருடம் அவர்களோடு போயிருக்கிறேன். வண்டியின் விளக்கையும் நெளிவையும் நினைவில் வைத்து எழுதிய எனக்கு, அந்தத் தெருவுக்கு வண்டி எதற்காகப் போகிறது என்பது எழுதும்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை. தொகுப்பாளர் சொன்னது மற்றவர்களுக்குப் பொருந்துமோ என்னவோ, எனக்குப் பொருந்தியது. அவமானமாக இருந்தது.

அன்று மதியம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நேரே டிப்போவுக்குப் போனேன். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நான் அந்த வண்டியில் தினமும் போகும் பயணி, டிரைவர் மேல் தப்பில்லை, பாவப்பட்ட பெண்களுக்காகத்தான் திருப்பினார் என்றேன். அவர் பேனாவைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“அப்போ வண்டி அந்தத் தெருவுக்குப் போனது உண்மைதான்னு எழுதித் தாங்கம்மா. இதுவரை ஒரு ஃபேஸ்புக் எழுத்து மட்டும்தான் கையில இருக்கு. வண்டி நம்பர்கூட வீடியோவில தெரியல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் நானே முழுச் சாட்சி. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு, பேரைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முக்கில் வண்டி நின்றபோது, மீன் சட்டியோடு ஏறி வந்த அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். தினமும் என் பக்கத்துச் சீட்டில் உட்காருபவர். என்னால் அடக்க முடியவில்லை. எழுதியது நான்தான் என்று அழுதுகொண்டே அவர் காதோடு சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“நீ எழுதினதாலத்தானே வந்துச்சு? நான் எழுதினது தப்பு, அது அந்தப் பஸ்ஸு இல்லன்னு எழுதிப் போடு மக்கா. தீந்துச்சுல்லா.”

நான் பஸ் விஷயத்தில் தப்பு சொல்ல மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும் அக்கா, இனி என்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. ஆனால் அப்போது அது எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

அவர் சட்டியை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைச் சரி செய்தார்.

“விடியக்காலம் கரைக்கு வந்த மீனாக்கும் இது. எனக்குத் தெரியும், கடலுக்குத் தெரியும். டவுண்ல ஒரு தெருவுல பத்து பேரு அழுகின மீனுன்னு சொல்லுவா. தெனமும் கேக்கேன். நான் செத்தா போனேன்?”

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். அவசரப்பட்டுவிட்டேன், வீடியோவைத் திரும்பப் பார்த்தேன், அது நான் சொன்ன வண்டி இல்லை, அந்தத் தெருவும் இல்லை, அந்த வழியாகப் பஸ்ஸே போவதில்லை, எல்லாம் என் கற்பனை, மன்னிக்கவும். நாலு வரிதான். முதல் பதிவு எழுத அரை மணி நேரம் ஆனது. இதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பொய்தான். சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று கேட்காதீர்கள்.

விழுந்தது பாருங்கள் அடி. குழு மொத்தமும் என் மேல் பாய்ந்தது. அண்ணா எங்கள் மானத்தை வாங்கிவிட்டார் என்றார்கள். இனி எந்த முகத்தோடு அந்தச் சேனலைக் கேள்வி கேட்பது என்றார்கள். நியாயம்தான், நான் அவர்களுக்கும் துரோகம் செய்தேன். சேனல்காரர்கள் சும்மா இருப்பார்களா? என் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் காட்டி, பஸ் பிரியர்களுக்குப் பஸ்ஸையே அடையாளம் தெரியவில்லை என்று இன்னொரு நிகழ்ச்சி போட்டார்கள். அதே கோமாளி இசை. நான் சொன்னது முதலிலிருந்தே சரி என்று கத்த வேண்டும்போல இருந்தது. போனை அணைத்துவிட்டு ரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கினேன்.

எழுதியவரே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு அதிகாரியால் என்ன செய்ய முடியும்? வாயால் எச்சரித்து விட்டுவிட்டார்கள். பத்து நாளில் டிரைவர் பழைய நடைக்கே வந்தார். அன்று முன்சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பின் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வளைச்சது நானாக்கும் சிஸ்டர். நீங்க எழுதத்தானே செஞ்சிய.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமா, மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு அவர் கீழே திருப்பவில்லை. முக்கில் கடைசிப் பெண் ஏறும்வரை காத்து நிற்பார், அவ்வளவுதான். மழையில் அவர்கள் ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த அக்காவும் மற்றவர்களும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னபோது, மனுவை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். தெருவின் அகலம், திரும்ப இடம், எத்தனை நிமிடம் கூடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் எழுதினேன். பயத்தில் கையெழுத்து மட்டும் போடவில்லை. ஒன்றரை வருடம், நான்கு முறை மனு கொடுத்தார்கள். அதற்குள் டிரைவர் ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு ஒரு நாள் ‘கடற்கரைத் தெரு வழி’ என்று பஸ்ஸின் முன்னால் பலகை மாட்டினார்கள். இப்போது அது முறையான வழித்தடம். அதனால்தான் இதை எழுதும் தைரியமே வந்தது.

பலகை மாட்டிய வாரம் குழுவில் அந்த வளைவின் படம் வந்தது. ஒருவர் என் பெயரைக் குறிப்பிட்டு, “அண்ணா, உங்களுக்குத் தெரிந்திருக்காது, இந்தத் தெருவுக்கு இப்போதுதான் முதல் முறையாகப் பஸ் வருகிறது” என்று எழுதியிருந்தார். கீழே ஏழெட்டுச் சிரிப்புப் பொம்மைகள். நான் அதைப் படித்தது அதே பஸ்ஸில், அதே வளைவில்தான். பக்கத்தில் அந்த அக்கா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ‘அப்படியா, தெரியாது தம்பி, சொன்னதற்கு நன்றி’ என்று பதில் போட்டேன். சரியாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவ்வளவு நிம்மதியாக நான் வேலைக்குப் போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.