செக்கிங் சார் காரைக் காத்த கதை

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘செக்கிங்’. பஸ்ஸில் பாதி வழியில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவர் உத்தியோகம். அதுவும் மஃப்டியில். சீருடையைப் பார்த்ததும் ஜனங்கள் உஷாராகிவிடுவார்களாம். யார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறார்கள், யார் திடீரென்று தூங்கிப்போகிறார்கள் என்று கவனித்துக் கவனித்து அவருக்கு ஒரு ஞானம் சித்தித்திருந்தது. உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர்கள், டிக்கெட் எடுக்காமல் இன்னும் பிடிபடாதவர்கள்.

இப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினால் என்ன ஆகும்?

கார் வேண்டும் என்று முதலில் கேட்டது அவர் மனைவி. அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய் மெல்ல மெல்ல நடக்கப் பழக்குகிறவள். தோளில் கருவிகள் அடங்கிய கனத்த பை, இரண்டு பஸ் மாறிப் பயணம். போய்ச் சேரும்போது நோயாளி எழுந்து இவளுக்கு இடுப்பைப் பிடித்துவிட வேண்டிய நிலைமை. அதனால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினாள். செக்கிங்கும் கூடவே சேர்ந்தார். அவரும் வாங்கினார், கொஞ்சம் தாமதமாக.

வெள்ளைக் கார் வந்து நின்ற அன்று தெருவே திரண்டு வந்து பார்த்தது. நல்லவேளை பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அதைப் பார்க்கும் பாக்கியம் யாருக்கும் வாய்க்கவில்லை.

வீட்டை ஒட்டி ஷெட் எழும்பியது. அதில் ஒரு ஜன்னல் இருந்தது. காற்று வருகிற வழியில் கையும் வரும் என்று சொல்லிச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். வெளியே இரும்பு ஷட்டர், அதற்கு உள்ளே கிரில் கதவு. தரையில் வளையம் பதித்து, முன் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப்போட்டார். ஸ்டீயரிங்குக்குத் தனிப் பூட்டு. பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார். ஷட்டரைக் கண்காணிக்க ஒரு கேமரா பொருத்தியவர், அந்தக் கேமராவை எவனாவது திருடினால் என்ன செய்வது என்று யோசித்து, அதைக் கண்காணிக்க இன்னொன்றும் பொருத்தினார். இரண்டாவது கேமராவின் கதி என்ன என்று மனைவி கேட்டபோது ஒரு வாரம் அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

சாவிகளை ஒரே இடத்தில் வைப்பது திருடனுக்கு இலை போட்டு உட்கார வைப்பது போல என்பார். ஒன்று சர்க்கரை டப்பாவில், ஒன்று பழைய ஷூவில், ஒன்று கம்பளிக்கு அடியில் என்று வைத்து, வாராவாரம் இடத்தை மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டு நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்.

“ஏம்மா, கிரில் சாவியை எங்க வச்சேன்?”

“தையல் மெஷின் டிராயர்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?” சந்தேகம் உடனே எட்டிப்பார்க்கும்.

“வைக்கும்போதே நீங்கதானே வந்து சொன்னீங்க, மறந்துருவேன்னு.”

எல்லாப் பூட்டையும் திறந்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும். அப்புறம் எங்கே வெளியே போவது? உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுத் துடைப்பார். எஞ்சினுக்கு உடற்பயிற்சியாம். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் துணியோடு நிற்பாள்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் மகுடமாகச் சைரன் வந்தது. ஷட்டரை யாராவது அசைத்தால் ஊரைக் கூட்டிவிடும். அதே நேரத்தில் செக்கிங்கின் போனுக்கும் தகவல் போகும். அதை நிறுத்தும் ரிமோட் அவர் சட்டைப்பையில் மட்டுமே இருக்கும். அங்கேதான் மனிதர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். டூட்டிக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, தெருமுனை வரை போய், பூனைபோல் திரும்பி வந்து தானே ஷட்டரை உலுக்குவார். திடீர் சோதனை! முதல் நாள் தெருவே அலறியடித்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு டெய்லர் கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். மூச்சு வாங்க நின்றவர்களைச் செக்கிங் கைகட்டிக்கொண்டு ஏற இறங்கப் பார்த்தார்.

“பரவால்ல. ஆனா இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருக்கலாம்.”

அடுத்த சோதனைக்கு டெய்லர் கத்தரிக்கோல் இல்லாமல் வந்தார். அதற்கடுத்து வாசல் வரை வந்தார். அப்புறம் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். பிறகு சைரன் அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைத்தார். தொட்டில் குழந்தைகள்கூட அந்தச் சத்தத்தில் புரண்டு படுக்கப் பழகிவிட்டன. தெருவில் பயம் போய்விட்டது, இது பாதுகாப்பின் வெற்றி என்று செக்கிங் பூரித்துப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு ஒரு வேலை கூடி வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனை. அங்கிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். பல வருஷமாக அவள் கனவு கண்ட வேலை. ஒரே நிபந்தனை, சொந்த வண்டி.

“ஏங்க, திங்கட்கிழமை சேரலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. காரை எடுத்துக்கட்டுமா?”

“நீ உள்ள போய் ஒருத்தர் காலை நீட்டி மடக்கிட்டிருப்ப. கார் தெருவுல அநாதையா நிக்கும். நெனச்சாலே எனக்கு நெஞ்சை அடைக்குது.”

“எனக்கும்தான் அடைக்குது” என்றாள். காரை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

அந்த வாரம் முழுக்க அவள் கேட்டாள். சாப்பாடு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அழுதும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் “பாக்கலாம்” என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அவர் எதையும் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண்ணின் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்து முடித்துப் போனை எடுத்தால், பஸ் இரைச்சலில் கேட்காமல் போன தகவல் ஒன்று அரை மணி நேரமாகக் காத்திருந்தது. ஷட்டர்! டெய்லரைக் கூப்பிட்டார்.

“எங்க வீட்டுச் சைரன் அடிக்குதா?”

“அடிக்குது சார். ரொம்ப நேரமா அடிக்குது.”

“ஏன் போய்ப் பாக்கல?”

“நீங்கதான் செக்கிங் பண்றீங்கன்னு ஜன்னலைச் சாத்திட்டேன். நீங்க இல்லையா?”

“ஓடிப்போய்ப் பாருங்க!”

டெய்லரின் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடுகிற சத்தமாக அது இல்லை.

“சார், ஷட்டர் திறந்திருக்கு. உள்ள கார் இல்ல.”

செக்கிங் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது மனிதருக்கு. பஸ் சிக்னலில் நின்றது. கலங்கிய கண்ணோடு வெளியே பார்த்தால், பக்கத்து வரிசையில், முன்னால் நிற்கிறது அவர் கார். அதே நம்பர்.

“திருடன்! என் காரு!” என்று கத்திக்கொண்டு குதித்தார். கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, வண்டிகளுக்கு இடையே புகுந்து ஓடி, டிரைவர் பக்கக் கதவில் கையை வைத்தார்.

உள்ளே அவர் மனைவி. தலையை அழுத்திச் சீவி, பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்து, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. அவள் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். அவர் கைப்பிடியை இழுப்பதற்குள் ‘டக்’ என்று நான்கு கதவுகளும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டன.

கண்ணாடி கொஞ்சமாக இறங்கியது.

“கையை எடுங்க. பச்சை விழப்போகுது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?”

“ஒரு வாரமா சொன்னேங்க” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பச்சை விழுந்தது. ஒரு குலுங்கல்கூட இல்லாமல், அழகாக எடுத்துக்கொண்டு போனாள்.

செக்கிங் நடுரோட்டில் நின்றார். பின்னால் பைக்கில் இருந்த ஒருவன் இறங்கி வந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

“யோவ், பட்டப்பகல்ல பொம்பளை தனியா ஓட்டிட்டு வர்ற காரோட கதவைத் திறக்கப் பாக்குறியா?”

“அது என் மனைவிப்பா.”

“உன் மனைவியா? அப்ப உன்னைப் பார்த்ததும் ஏன் கதவைப் பூட்டிக்கிட்டாங்க?”

செக்கிங்குக்குப் பதில் தெரிந்தது. பூட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே.